மஞ்சள் சீட்டில் இரண்டு வட்டங்கள்

ஒரு காகிதத்தோடு இன்னொரு காகிதத்தைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. பின் அடிக்கலாம், அல்லது ஜெம் கிளிப் மாட்டலாம். பின் அடித்தால் இரண்டு துளைகள் விழும். பிறகு பிரித்து எடுத்தாலும் துளைகள் இருக்கும். ஐம்பது வருஷம் கழித்துக் கோப்பைப் புரட்டுகிறவனுக்கும் இங்கே ஏதோ ஒன்று இருந்தது என்று தெரிந்துவிடும். கிளிப் அப்படியில்லை. உருவிவிட்டால் ஒன்றும் இருந்ததாகவே இராது. முன்பு ரங்கூனாக இருந்த இந்த யாங்கோனின் மழைக்காலத்தில் மட்டும் ஒரு தொல்லை: இரும்புக் கிளிப் நான்கு நாளில் துருப்பிடித்துக் காகிதத்தில் தன் வடிவத்தைப் பதித்துவிடும். அதனால் நான் பிளாஸ்டிக் உறை போட்ட கிளிப்பாகப் பார்த்துத்தான் வாங்குவேன்.

எங்கள் அலுவலகம் கைமாற்றுகிற எந்தத் தாளையும் பின் அடிப்பதில்லை. அங்கே நான் தபால் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். பெயர் செல்லையா, வயது ஐம்பத்தாறு, வீடு இன்சீனில். அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு சாமான் எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று என் மனைவி சாந்தகுமாரி சொல்வாள். அது அப்பாவிடமிருந்து வந்தது.

அலுவலகம் பன்சோடான் தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசுத் தரப்பும், வடகிழக்கு மலையில் ஆயுதத்தோடு இருக்கும் ஓர் அமைப்பும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வதில்லை. எழுதினால் எதிராளியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் இரு தரப்பும் எங்களுக்கு எழுதுவார்கள். நாங்கள் இங்கிருந்து வாங்கி அங்கே கொடுப்போம், அங்கிருந்து வாங்கி இங்கே கொடுப்போம். அந்தத் தாள்களில் தலைப்பு இருக்காது, முத்திரை இருக்காது, கையெழுத்தும் இருக்காது. நாளைக்கு ‘நாங்கள் எழுதவே இல்லை’ என்று சொல்ல வசதி. ராஜதந்திரிகள் அதற்கு ஏதோ நாகரிகமான பெயர் வைத்திருக்கிறார்கள். நான் மொட்டைத் தாள் என்பேன். மூன்று வருஷம் அந்த மொட்டைத் தாள்களின் பலத்தில் மலையில் துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் இருந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல், மணி.

மலைக்காரர்களின் ஊர்களில் எல்லைக்கு அப்பாலுள்ள நாட்டின் கடிகாரம்தான் ஓடுகிறது. கடை, பள்ளிக்கூடம், கைபேசி எல்லாமே அந்த நேரம். யாங்கோனை விட ஒன்றரை மணி முன்னால். நமக்கு மாலை நாலரை ஆகும்போது அவர்களுக்கு ஆறு. ஒரு தாளில் ‘மாலை ஆறு மணி’ என்று இருந்தால் அது யாருடைய ஆறு?

யாருடையது என்று பக்கத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் மாதமே எழுதிப் பார்த்தோம். ‘நாட்டில் ஒரே நேரம்தான் இருக்கிறது, மலை நேரம் என்று ஒன்று கிடையாது’ என்று அமைச்சகம் தாளைத் திருப்பியனுப்பியது. ‘யாங்கோன் நேரம் எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று மலையிலிருந்தும் திரும்பி வந்தது. ஒரு வாரம் எந்தத் தாளும் நகரவில்லை.

அப்போது நான் கண்டுபிடித்ததுதான் மஞ்சள் சீட்டு. உள்ளங்கை அளவுத் துண்டுக் காகிதம். அதில் ஒரு காசை வைத்து இரண்டு வட்டங்கள் வரைவேன். இரண்டிலும் பெரிய முள், சின்ன முள். இடது வட்டம் மலை, வலது வட்டம் யாங்கோன். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எழுத்து இல்லையென்றால் யாரும் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. நேரம் குறித்த தாள் எந்தப் பக்கம் போனாலும் அதன் மேல் சீட்டைக் கிளிப்பில் மாட்டிக் கொடுப்பேன். வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார், உருவிக் கிழித்துப்போடுவார், தாள் மட்டும் கோப்புக்குப் போகும். மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் வரைந்திருக்கிறேன். இன்றைக்கு உலகத்தில் எந்தக் கோப்பிலும் ஒன்றுகூட இல்லை.

எங்கள் இயக்குநர் டோ தீரி, வெளியுறவுத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். நான் அவரை ‘சயாமா’ என்பேன், டீச்சரம்மா மாதிரி; அவர் என்னை ‘கோ’ என்பார், அண்ணன் மாதிரி. முதல் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கோ செல்லையா, இதை ஒரு தூதர் கண்டுபிடித்திருந்தால் பதக்கம் கொடுத்திருப்பார்கள்” என்றார். அந்தச் சொல் எனக்குள் எவ்வளவு ஆழமாகப் போய் உட்கார்ந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

போர் தொடங்கியதற்கு எட்டு நாள் முன்பு, அமைச்சகக் குழுவின் செயலாளர் அறைக்கு ஒரு தாளோடு போயிருந்தேன். ஏழெட்டு அதிகாரிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் சீட்டை உருவி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

“ஊ செல்லையா, உங்களுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறதா?”

“இல்லைங்க ஐயா.”

“பின்னே யாருக்கு இந்தப் படம்? நாங்கள் பாலர் வகுப்பா? பெரிய முள் எங்கே, சின்ன முள் எங்கே என்று சொல்லித்தர வந்துவிட்டீர்கள். அடுத்த தடவை ஒரு கோழிக்குஞ்சும் வரையுங்கள். இவர் வர்ணம் அடிப்பார்.”

பக்கத்திலிருந்தவர் வர்ணம் அடிப்பது போலக் கையை ஆட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீட்டு குப்பைத்தொட்டிக்குள் போகவில்லை, வெளியே விழுந்தது. குனிந்து எடுத்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஸமீரா வந்தாள்.

மலைக்காரர்களுக்கு யாங்கோனில் ஒரு தொடர்பு அலுவலகம் இருந்தது. அங்கே உதவியாளர் இந்தப் பெண். இருபத்தெட்டு வயது. மிங்கலா சந்தையில் பித்தான், நூல், லேஸ் விற்கும் இனாயத்துல்லாவின் மகள். நான்கு பாஷை பேசுவாள். தமிழ் பேசும்போது பாதி பர்மியம் கலக்கும். என்னை ‘ஊலே’ என்பாள், சித்தப்பா என்று அர்த்தம்; அந்நியர்கள் சொல்லும் வெறும் ‘ஊ’ என்றால் திருவாளர். தாளை என் மேசையில் வைத்தாள்.

“ஊலே, இது கெட்ட தாள். குன்று மேல இருக்கிற காவல் சாவடிய விட்டு அரசு ஆளுங்க இறங்கறோம்னு எழுதிக் குடுக்கணுமாம். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள. இல்லாட்டி ஒப்பந்தம் முடிஞ்சுதாம்.”

“எந்த ஆறு?”

“எங்க ஆறுதான், வேற எது? இங்க நாலரை. சீட்டு போட்டுருவீங்கல்ல?”

“போடாம? எத்தன வருஷமா போடறேன்.”

“இல்ல, வயசாயிடுச்சே, கண்ணு தெரியுதோ என்னவோன்னு கேட்டேன்” என்று சிரித்தாள். பயந்தால் அவளுக்குக் கிண்டல் வரும். படியிறங்கும்போது திரும்பி, “நல்லாப் பெரிசா வரைங்க ஊலே” என்றாள்.

நான் மேசை இழுப்பறையைத் திறந்து மஞ்சள் கட்டை எடுத்தேன். காசையும் எடுத்தேன். முதல் வட்டம் வரைந்தேன். இடது வட்டத்தில் ஆறு மணி காட்டுவது சுலபம், இரண்டு முள்ளும் ஒரே கோடு. வலது வட்டத்துக்குப் பென்சிலைக் கொண்டுபோனபோது கோழிக்குஞ்சு ஞாபகம் வந்தது. வர்ணம் அடித்த கையும் ஞாபகம் வந்தது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு லேசாக இருக்கும். மறக்கவில்லை. அரை வட்டத்தில் நிறுத்தி, சீட்டைக் கசக்கி, கட்டையும் காசையும் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். ‘பெரிய மனிதர்கள். மணி பார்க்கத் தெரிந்தவர்கள். பார்த்துக்கொள்ளட்டும்’ என்று நினைத்தேன். அவர்களுக்கு எப்படியும் தெரியும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மூன்று வருஷமாகப் பார்க்கிறார்களே. டோ தீரி அன்று பாங்காக்கில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். பதினொன்றே காலுக்குத் தாளைச் சீட்டில்லாமல் செயலாளரின் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். தவறாமல் வருகிற அடையாளம் ஒருநாள் வராவிட்டால், அது வராததும் ஓர் அடையாளமாகிவிடும். தெருமுனையில் தினமும் எரிகிற சிவப்பு விளக்கு அணைந்திருந்தால், விளக்கு பழுது என்று யாரும் நினைப்பதில்லை. வழி திறந்திருக்கிறது என்றுதான் வண்டியை விடுகிறார்கள். தாளில் உள்ள மணி நம் மணி இல்லையென்றால் சீட்டு வரும். சீட்டு இல்லையென்றால் இந்தத் தடவை நம் மணியையே எழுதிவிட்டார்கள், ஆறு என்றால் நம்முடைய ஆறுதான். செயலாளரின் உதவியாளர் அப்படித்தான் கணக்கிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த ஏற்பாட்டுக்கு அவரைப் பழக்கியதே நான்தான்.

மதியம் இரண்டு மணிக்குப் பதில் தயாராகிவிட்டதாம். ‘இறங்குகிறோம்’ என்ற பதில். இது எனக்குப் பிறகு தெரிந்தது. செயலாளர் அதைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். கெடு ஆறு மணிக்கு என்றால் இரண்டு மணிக்கே கொடுப்பது பயந்த மாதிரி இருக்கும். கடைசி ஒரு மணி நேரத்தில் கொடுத்தால் யோசித்துக் கொடுத்த மாதிரி இருக்கும். அதுவும் ஒரு முறைதான்; தொழில் தெரிந்த எல்லோரும் செய்வது.

மாலை ஐந்து பத்துக்கு அது என் மேசைக்கு வந்தது. நாலரை தாண்டி நாற்பது நிமிஷம் ஆகியும் மலையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை, பொறுத்துக்கொண்டார்கள் என்றே நினைத்தேன். படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பாடா என்று ஸமீராவை அழைத்தேன்.

“வந்துடுச்சு ஸமீரா! இறங்கறாங்களாம்! ஓடி வந்து வாங்கிட்டுப் போ!”

மறுமுனையில் பின்னால் பலர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது. அவள் குரல் தாழ்ந்திருந்தது.

“ஊலே, எங்க மணி ஆறு நாப்பது. ஆறே காலுக்கே ஆரம்பிச்சிட்டாங்க. பீரங்கி. இப்ப எதுக்கு அனுப்புறாங்க?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நல்ல கடிகாரம், ஒரு நிமிஷம்கூடத் தவறாது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். மூன்று மாவட்டங்கள் காலியாகின. எரிந்த ஊர்களின் பெயரை வானொலியில் கேட்பேன். முதலில் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன், நாற்பதுக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் மகனைத் தேடி வடக்கே போவதாகச் சொன்னார். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

யார் தொடங்கியது என்பதுதான் பதினான்கு மாதமும் பேச்சு. ‘தாங்கள் வைத்த கெடு முடிய ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போதே சுட்டார்கள்’ என்றது அரசு. ‘கெடு முடிந்து கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தோம்’ என்றார்கள் மலைக்காரர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதை அறிந்தவர்கள் வெகு சிலர்.

இரண்டு தரப்பும் சேர்ந்து நியமித்த விசாரணைக் குழு எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. ஒரு வழக்கறிஞர் அம்மாள் கேட்டார்: “அன்றைக்கு அந்தத் தாளை எப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்?”

“வழக்கப்படி” என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 

போன மாதம் இரண்டு தரப்பும் களைத்துப்போய் மறுபடியும் பேச ஒப்புக்கொண்டார்கள். புதிய ஒப்பந்தத்துக்கு முன்னுரை வேண்டும். முன்னுரையில் போர் எப்படி வந்தது என்று ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். அரசைச் சொன்னால் அரசு கையெழுத்துப் போடாது. அமைப்பைச் சொன்னால் அமைப்பு போடாது. இரண்டு பேருக்கும் கடிகாரத்தைப் பற்றிப் பேச இஷ்டமில்லை. மூன்று வாரம் இழுத்து ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நகல் எடுத்தவன் நான். அதில் இப்படி இருந்தது: ‘தொடர்பு அலுவலக உதவியாளர் ஸமீரா, கெடு நேரத்தை உரிய முறையில் தெரிவிக்கத் தவறியதால் நேர்ந்த குழப்பம்.’

நகல் இயந்திரத்தில் அந்த வெளிச்சக் கோடு இங்கிருந்து அங்கே போய் வந்தது. பன்னிரண்டு நகல்கள்.

அன்று மாலை மிங்கலா சந்தைக்குப் போனேன். போர் தொடங்கியதும் தொடர்பு அலுவலகத்தை மூடிவிட்டார்கள். ஸமீரா அப்பா கடையில் உட்கார்ந்து, அட்டையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்கவில்லை.

“வாங்க ஊலே! லோன்ஜிக்குப் பித்தான் வேணுமா?”

“இடுப்புல சுத்தற கைலிக்கு ஏதும்மா பித்தான்?”

“அதான், வேற ஏதோ வேலையா வந்திருக்கீங்கன்னு தெரியுது. உக்காருங்க.” ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “என் பேரைப் போடறாங்களாமே. கேள்விப்பட்டேன். ரெண்டு தடவ கூப்பிட்டு விசாரிச்சிட்டாங்க. அத்தா பயந்து போய்க் கிடக்கிறாரு. பினாங்கில ஒரு கம்பெனில வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், கிடைச்சிடுச்சு ஊலே. ஒப்பந்தத்துல பேரு ஏறிட்டா பாஸ்போர்ட் குடுப்பாங்களா? போர ஆரம்பிச்சவளாம்னு வாசல்ல வந்து காறித் துப்புவாங்க.”

“நீ என்ன சொன்ன, விசாரணைல?”

“உள்ளதச் சொன்னேன். நாலரைன்னு உங்ககிட்டச் சொன்னேன், நீங்க சீட்டு போட்டீங்க, அவனுங்க வாங்கிப் பிச்சுப் போட்டுட்டு இப்ப இல்லேங்கறானுங்கன்னு. சீட்டுன்னு ஒண்ணு எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு ரெண்டு பக்கமும் சாதிக்கிறானுங்க ஊலே! எங்க ஆளுங்களும்தான்! மூணு வருஷமா வாங்கி வாங்கிக் கிழிச்சவனுங்க!” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க போட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.”

என் வாய் திறந்தது. “பாக்கலாம்மா” என்றேன். ஒரு டஜன் பித்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று சாந்தகுமாரி கேட்டாள். பதில் சொல்ல உட்கார்ந்தவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ஏங்க, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் காட்சி ஆகணும், வேலைக்குப் போகணும். உங்களுக்கு இனிமே என்ன ஆகணும்?”

மறுநாள் டோ தீரியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கோபத்தில்தான் செய்தீர்களா?”

“ஆமாம் சயாமா.”

“வேறு யாரிடம் சொன்னீர்கள்?”

“மனைவியிடம்.”

“அத்தோடு நிற்கட்டும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நீங்கள் எப்போதும் எல்லாவற்றையும் எனக்கு விளக்குவீர்கள். இன்றைக்கு நான் விளக்குகிறேன். போர் ஏன் வந்தது? அந்தக் குன்றில் சாவடி போட்டதால் வந்தது. கெடு வைத்ததால் வந்தது. பதிலை மூன்று மணி நேரம் மேசையில் வைத்திருந்ததால் வந்தது. ஒரு கடிகாரத்தின் பெயரை எழுத இரண்டு பேருக்கும் மனம் வராததால் வந்தது. சீட்டு இருந்திருந்தால் அன்றைக்கு வந்திருக்காது. வேறு ஒரு நாள் வந்திருக்கலாம்.”

“வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம் சயாமா. அது யாருக்கும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை வந்தது மட்டும்தான் தெரியும்.”

“சரி. இப்போது முன்னுரைக்கு வருவோம். அந்த வாக்கியம் ஒரு கதவுக்கு அடியில் செருகிய கட்டை மாதிரி. கட்டை இருப்பதால் கதவு திறந்து நிற்கிறது. செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். நீங்கள் அதை உருவினால்...”

“உருவ வேண்டாம். வேறு கட்டை வைக்கலாம். அவள் பேருக்குப் பதில் என் பேர். வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.”

நான் இதை இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பழுதான பாகத்தைக் கழற்றிவிட்டு அதே அளவில் இன்னொன்றைப் போடுவது. அப்பா பட்டறையில் செய்ததும் அதுதான். எனக்கு அது மிகச் சரியான பழுதுபார்ப்பாகத் தெரிந்தது. டோ தீரி தலையை ஆட்டினார்.

“அளவு ஒன்றல்ல, கோ செல்லையா. அவள் மலைக்காரர்களின் ஊழியர். நீங்கள் நடுவரின் ஊழியர். நடுவர் தவறு செய்தார் என்றால் நடுவர் இல்லை. நடுவர் இல்லையென்றால் மேசை இல்லை. புது இடம், புது நடுவர் தேட எத்தனை நாளாகும்? அத்தனை நாளும் மலையில் சுட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் ஒரு பக்கம். யோசித்துப் பாருங்கள்.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. யோசித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது: அன்றைக்கு வட்டம் வரையாமல் நிறுத்தியபோது நான் மலையைப் பற்றி யோசிக்கவில்லை. என் மானத்தைப் பற்றித்தான் யோசித்தேன். இப்போது மலையை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிந்துகொண்டால், அதுவும் அதே மானம்தான்.

திங்கட்கிழமை காலை முதலில் ஸமீராவிடம் போனேன். கடையைத் திறந்துகொண்டிருந்தாள். ஷட்டர் பாதி ஏறியிருந்தது.

“ஸமீரா, நான் அன்னிக்கு சீட்டு போடல.”

அவள் ஷட்டரைப் பிடித்தபடியே நின்றாள். “என்ன?”

“போடல. மறந்துபோயி இல்ல. செயலாளரு கேலி பண்ணினாருன்னு கோவம். பாதி வரைஞ்சு கசக்கிப் போட்டேன்.”

“நான் கேட்டேனே.” குரல் மிகச் சன்னமாக வந்தது. “போடுவீங்கல்லன்னு கேட்டேனே. போடாமன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

“பதினாலு மாசமா உங்களுக்காக நான் சண்ட போட்டிருக்கேன். ஊலே போட்டாரு, ஊலே போட்டாருன்னு. விசாரணைல அந்தம்மா சிரிச்சாங்க. செல்லையா அப்படிச் சொல்லலியேன்னாங்க. வயசானவரு, பயந்திருப்பாருன்னு உங்களுக்காக நானே பேசினேன்.” ஷட்டரை விட்டாள். அது சரசரவென்று இறங்கித் தரையில் மோதியது. “போன வாரம் இங்க உக்காந்து பித்தான் வாங்கினீங்களே. அப்ப ஏன் சொல்லல?”

“இன்னிக்குச் சொல்லப் போறேன். ரெண்டு பக்கத்துகிட்டயும்” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அலுவலகம் வந்து இழுப்பறையைத் திறந்தேன். பதினான்கு மாதமாக மஞ்சள் கட்டு அப்படியே இருந்தது. காசை எடுத்து இரண்டு வட்டங்கள் வரைந்தேன். இடதில் ஆறு. வலதில் நாலரை. கீழே முதல் தடவையாக எழுத்து எழுதினேன், பர்மியத்தில்: ‘அந்த வெள்ளிக்கிழமை இந்தச் சீட்டை நான் வேண்டுமென்றே மாட்டவில்லை. ஸமீரா நேரத்தைச் சரியாகச் சொன்னார். செல்லையா, தபால் பிரிவு.’ அதே போல இன்னொன்றும் எழுதினேன்.

கணக்குப் பிரிவு மேசையில் பில்களுக்கென்று ஒரு ஸ்டேப்ளர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, முன்னுரையின் இறுதி நகல்கள் இரண்டிலும், அந்த வாக்கியத்துக்கு நேராகச் சீட்டை வைத்து அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு பின்கள், நான்கு மூலையிலும். எங்கள் அலுவலகம் கைமாற்றிய தாளில் விழுந்த முதல் துளைகள் அவை. கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து டோ தீரி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வருவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு நகலை மலைக்காரர்கள் தங்கியிருந்த ஓட்டலில் கொடுத்தேன். இன்னொன்றைச் செயலாளரிடம். அவர் பழக்கத்தில் சீட்டை உருவ விரலால் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். தாளின் ஓரம் கிழிந்தது.

“இது என்ன, ஊ செல்லையா?”

“பின் அடித்திருக்கிறேன் ஐயா. எடுத்தாலும் துளை இருக்கும்.”

படித்தார். இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார், காவலரைக் கூப்பிடுவார் என்று உடம்பைத் தயாராக வைத்திருந்தேன். அவர் நிதானமாகப் பேனாவை எடுத்துச் சீட்டில் இருந்த ஒரு சொல்லின் அடியில் கோடு போட்டார்.

“‘வேண்டுமென்றே’ என்று எதற்கு? அது சிக்கல். ‘கவனக்குறைவால்’ என்று மாற்றலாமா?”

“மாற்ற வேண்டாம் ஐயா.”

“ஏன் மாட்டவில்லை?”

“நீங்கள் கோழிக்குஞ்சு வரையச் சொன்னீர்கள்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. அந்தச் சிரிப்பு, அந்தக் கை, குப்பைத்தொட்டி எதுவும் அவரிடம் இல்லை. என்னிடம் மட்டும்தான் இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. டோ தீரி சொன்னது போலவே ஆயிற்று. நடுவர் மீது நம்பிக்கையில்லை என்று இரண்டு தரப்பும் அறிவித்தார்கள். பல வருஷங்களில் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட முதல் அறிக்கை அதுதான். பன்னிரண்டு நாள் கழித்து வேறு ஊரில், வேறு மேசையில் கையெழுத்தாயிற்று. முன்னுரையில் என் பெயர் இருக்கிறது, ‘கவனக்குறைவால்’ என்ற சொல்லோடு. அந்தப் பன்னிரண்டு நாளில் மலையில் என்னென்ன நடந்தது என்று வானொலி சொன்னது. மூடி வைத்த நோட்டை எடுத்து அந்த ஊர்களின் பெயர்களையும் குறித்து வைத்திருக்கிறேன். அவையும் என் கணக்கில்தான் வரும்.

பன்சோடான் தெரு அலுவலகம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. என்னை மூன்று நாள் விசாரித்தார்கள். கடவுச்சீட்டு தர மாட்டோம் என்றார்கள், நான் எங்கேயும் போவதாக இல்லை. மறுபடி கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நேற்று மிங்கலா சந்தைக்குப் போனேன். ஸமீரா கடையில் இருந்தாள். பக்கத்தில் ஒரு புதுப் பெட்டி, கைப்பிடியில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

“என் பேரு போச்சா?” என்று கேட்டாள்.

“போச்சு.”

“அந்த இடத்துல உங்க பேரா?”

“ஆமா.”

பித்தான் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு வரிசை கோணலாக இருந்தது போல. நூலை அறுத்துவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை, இழுத்துப் போடவும் இல்லை.

“பினாங்கு எப்ப?” என்றேன்.

“வர வியாழன்.” ஊசி நிற்கவில்லை. “வேற ஏதாவது வேணுமா, ஊ செல்லையா?”

மூன்று வருஷமும் பதினான்கு மாதமும் என்னை ஊலே என்று மட்டுமே கூப்பிட்டவள்.

“ஒண்ணும் வேணாம்மா” என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தேன்.